அலமாரி மேலிருந்து ஏழாவது யுகுலேலே

ஏர்கோன், அதாவது ஏசி, கழுவுவது என்பது, அடுத்தவர் வீட்டு அலமாரியின் உச்சந்தலையைப் பார்க்கும் தொழில். வீட்டுக்காரர்கள் பத்து வருடமாக நிமிர்ந்தே பார்க்காத இடத்தை, நாங்கள் ஏணி போட்டு ஏறி முகத்துக்கு நேராகப் பார்க்கிறோம். மலேசியாவின் ஜொகூர் பாருவில் பதினாறு வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு. பழைய யுகுலேலே சேர்க்கும் வியாதியும் இந்த ஏணி மேல்தான் ஒட்டியது. உங்களில் யாருக்காவது இதே மாதிரி வியாதி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மருந்து கிடையாது. துணைக்கு ஆள் இருக்கிறது என்ற ஆறுதல் மட்டும் உண்டு.

முதல் நான்கு தந்திகள்

பொந்தியானில் ஓர் ஆசிரியை வீடு. ஏர்கோன் மூடியைக் கழற்றக் கை நீட்டினால், பக்கத்து அலமாரி மேல் உடைந்த பெட்டிக்கும் தீபாவளி விளக்குச் சரத்துக்கும் நடுவே ஏதோ ஒன்று படுத்திருந்தது. கிட்டார் குட்டி போட்டது மாதிரி இருந்தது. அதுவரை நான் யுகுலேலேயைத் தொட்டதில்லை. தூசியைத் துடைத்து ஒரு தந்தியைத் தட்டினேன். அந்தச் சின்ன உடம்புக்குள்ளிருந்து அவ்வளவு நல்ல சத்தம் வரும் என்று நினைக்கவே இல்லை.

யார் வாங்கியது, யார் வாசித்தது, ஏன் விட்டார்கள் என்று கேள்விகள் வரிசையில் நின்றன. ஆசிரியையிடம் கேட்டேன். அவர் கீழேயிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது எங்க வீட்டுலயா இருந்துச்சு? எடுத்துக்குங்க அண்ணே, பல்லி முட்டை இருந்தா பாத்து தட்டிட்டு எடுங்க."

அஸ்மியின் கணக்கு

இரண்டே வருடத்தில் ஆறு சேர்ந்துவிட்டது. எல்லாமே அலமாரி மேல் கிடந்தவை. சிலதைக் காசு கொடுத்து வாங்கினேன், சிலதைச் சும்மா கொடுத்தார்கள். ஆனால் ஆறிலும் ஒரு குறை. கழுத்துப் பலகை புதுசு போல வழவழவென்று இருந்தது. யாருமே ஒரு வாரத்துக்கு மேல் வாசித்ததில்லை. எனக்கு ஒரே ஒரு ஆசை, ஒருத்தர் உண்மையாகவே வாசித்துத் தேய்ந்துபோன யுகுலேலே ஒன்று கிடைக்க வேண்டும்.

என்னோடு வேலை செய்யும் அஸ்மி, தமிழர்கள் நிறைந்த பெக்கோக் எஸ்டேட் பக்கம் வளர்ந்தவன். மலாய்க்காரன், ஆனால் தமிழில் என்னை மடக்குவான். எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் அலமாரியைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு ஒரு நாள் வேனில் வைத்துச் சொன்னான்: "ஆள் கூப்பிடுறது ஏர்கோனுக்கு லா அண்ணே, நீங்க சர்வீஸ் பண்றது அலமாரிய."

தண்ணீர் ஏறும் ஊர்

கோத்தா திங்கியில் புஷ்பா என்பவர் வீட்டுக்கு முதல் தடவையாகப் போனோம். அவர் தொழிற்சாலையில் வேலை செய்பவர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஆற்றுக்குப் பக்கத்து வீடு. அறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு, வெள்ளம் வந்துபோன அடையாளம். ஏணியில் ஏறிப் பார்த்தால் அலமாரி மேல் தூசியே இல்லை. பிறப்புப் பத்திரங்கள் வைத்த பிளாஸ்டிக் கோப்பு, கல்யாண ஆல்பம், அதன் பக்கத்தில் துணிப்பையில் ஒரு யுகுலேலே. பையைத் திறந்தேன். கழுத்துப் பலகையில் விரல் பட்ட இடமெல்லாம் லேசான பள்ளம். நான் தேடியது இதைத்தான்.

"இது சும்மாதானேம்மா கிடக்குது, குடுப்பீங்களா?" என்று மேலிருந்தே கேட்டேன். பதினாறு வருட அனுபவம் அப்படிப் பேச வைத்தது. புஷ்பா நிதானமாகச் சொன்னார்: "அண்ணே, இது கோத்தா திங்கி. இங்க வேணாததத்தான் கீழ வைப்போம்."

மூன்று மாதம்

எனக்கு வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு ஃபில்டரைக் கழுவப் போனேன். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "யாரும்மா வாசிச்சது?" என்று கேட்டுவிட்டேன். தான்தான் என்றார். தொட்டு இரண்டு வருடமாகிறதாம். ஷிப்டும் வீடும் போக நேரமில்லை, அதைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ தப்புச் செய்கிற மாதிரி இருக்கிறது என்றார்.

நாங்கள் கிளம்பும்போது அந்தத் துணிப்பையோடு வாசலுக்கு வந்தார். "இப்ப எடுத்துட்டுப் போங்க. மூணு மாசம் கழிச்சு அடுத்த சர்வீஸுக்கு வருவீங்கதானே, அப்ப கொண்டு வாங்க. இது இல்லாம என்னால இருக்க முடிஞ்சுதுன்னா உங்களுக்கே. முடியலன்னா குடுத்துரணும், மூஞ்சத் தூக்கக் கூடாது."

நான் செய்த 'சரி'

வீட்டில் வைத்து நல்ல வெளிச்சத்தில் பார்த்தபோது திடுக்கிட்டேன். நான்கு தந்திகளும் தலைகீழ் வரிசையில் இருந்தன. கீழே இருக்க வேண்டிய மெல்லிய தந்தி மேலே. கழுத்தின் மேல்முனையில் தந்திகள் பதியும் எலும்புத் துண்டில், தடித்த தந்திக்கு வழி விடக் காடியை அரத்தால் ராவியிருந்தார்கள். எவனோ தெரியாத கடைக்காரன் செய்த கூத்து என்று நினைத்தேன். ஊரெல்லாம் கேள்வி கேட்கிறவன், இதற்கு மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புதுத் தந்தி, புது எலும்புத் துண்டு வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து முறைப்படி மாற்றினேன். பெருமையாக அஸ்மிக்கு வீடியோ அனுப்பினேன்.

மறுநாள் அவன் கேட்டான்: "அந்தக்கா கம்ப்ளைண்ட் ஒண்ணும் சொல்லலியே அண்ணே. கம்ப்ளைண்ட் இல்லாத மெஷின யாராச்சும் கழட்டுவாங்களா?"

அடுத்த சர்வீஸ்

அந்த மூன்று மாதமும், அது இல்லாமல் புஷ்பாவால் இருக்க முடிய வேண்டும் என்று நான் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. முருகனும் கேட்ட மாதிரிதான் இருந்தது. அஸ்மி ஏணியை விரிக்கும்போதே புஷ்பா சொல்லிவிட்டார், "இருக்க முடிஞ்சுது அண்ணே. நீங்களே வெச்சுக்குங்க. கடைசியா ஒரு பாட்டு வாசிச்சுட்டுத் தரேன்."

வாங்கி மடியில் வைத்தார். வலது கை கழுத்தைப் பிடித்தது, இடது கை தந்திக்கு வந்தது. அப்போதுதான் அந்த இடது கையைப் பார்த்தேன். நடு விரலும் மோதிர விரலும் பாதியோடு நின்றிருந்தன. மீட்டினார். சத்தம் கோணலாக வந்தது. மறுபடி மீட்டிவிட்டுத் தந்திகளைப் பார்த்தார். "மாத்திட்டீங்களா?" என்றார்.

சரி பண்ணினேன் என்று சொல்லப் போய், ஆமாம் என்று மட்டும் சொன்னேன். தொழிற்சாலை மெஷின் விரல்களைக் கொண்டுபோன பிறகு இடது கையால் தந்தியை அழுத்த முடியவில்லையாம். தானே அரத்தை எடுத்துக் காடி ராவி, தந்திகளை மாற்றிக் கட்டி, வலது கைக்கு முதல் பாடத்திலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒரு வருடம் பிடித்ததாம். எனக்கு அந்த இடத்திலேயே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. நல்லவேளை, பழைய எலும்புத் துண்டைத் தூக்கிப் போடாமல் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கழற்றி, அவர் சொல்லச் சொல்லப் பழைய வரிசையில் மாட்டினேன். அரை மணி நேரம் ஆனது. அவர் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு தந்திக்கும் என்னைத் திட்டினார். அஸ்மி ஏணியில் இருந்து இறங்கவே இல்லை.

பிறகு வாசித்தார். இரண்டு இடத்தில் தடுக்கியது, நிறுத்தாமல் முழுப் பாட்டையும் வாசித்தார். முடிந்ததும் நான் துணிப்பையை விரித்துப் பிடித்தேன். அவர் தரவில்லை.

"குடுத்துடலாம்னுதான் இருந்தேன் அண்ணே. நீங்க மாத்தி வெச்சதப் பாத்ததும் அப்படி ஒரு கோவம் வந்துச்சு பாருங்க, அப்பதான் தெரிஞ்சுது, இது இன்னும் என்னோடதுதான்னு."

இப்போதெல்லாம் என் சேகரிப்பில் எத்தனை யுகுலேலே என்று யாராவது கேட்டால் ஏழு என்றுதான் சொல்கிறேன், அதில் ஒன்று மட்டும் வாசிக்கத் தெரிந்தவரிடம் இருக்கிறது.