ஆம்ப்ரோஸ் பிட்சர் ஊர்க்காவலராக இருந்த வருடம்

பீப்பாய் செய்கிற ஆம்ப்ரோஸ் பிட்சர் பதவிக்கு ஆசைப்பட்டவனல்ல. ஹேஸல்கோம் ஊரில் வருடத்துக்கு ஒரு வீடு என்று முறைவைத்து ஊர்க்காவல் பொறுப்பைச் சுமக்க வேண்டும். மன்னரும் பாராளுமன்றமும் தனித்தனிப் படை திரட்டி அடித்துக்கொண்டிருந்த 1643-ஆம் வருடம் பார்த்து அது அவன் தலையில் விழுந்தது.

"முடியாதுன்னு சொல்லிட்டு வரத் தெரியலையா உங்களுக்கு?" என்றாள் மனைவி தாமஸின்.

"சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

மே மாதம் ஒரு திங்கட்கிழமை மன்னரின் குதிரைவீரர்கள் வந்தார்கள். வியாழன் மதியத்துக்குள் படைக்கு ஆறு பேரை ஊர்க்காவலர் பிடித்துத் தர வேண்டும். இல்லாவிட்டால் அவரே பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். மறுநாள் பாராளுமன்றத்தின் ஆட்கள் வந்தார்கள். மன்னருக்கு ஒரு ஆளை அனுப்பினாலும் அனுப்பியவன் வீடு இருக்காது என்றார்கள்.

தெருவில் ஆம்ப்ரோஸின் தலை தெரிந்தாலே கதவுகள் சாத்தப்பட்டன. மாவு ஆலைக்கார நத்தானியேல் ரட்டுக்கு வளர்ந்த பிள்ளைகள் மூன்று பேர். அங்கே போய் நின்றான்.

ரட் கையில் கவைக்கம்போடு வந்தான். "என் பசங்க பேரை மட்டும் எழுதிப் பாரு, ஆம்ப்ரோஸு!"

"கத்தாதேய்யா. அவனுங்களச் சதுப்புக்காட்டுப் பக்கம் அனுப்பிவிடு. மத்த வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டுப் போகட்டும். வியாழன் தாண்டுற வரைக்கும் ஒருத்தன் தலையும் தெரியக்கூடாது."

ரட் கம்பைக் கீழே போட்டான். "அப்ப நீ?"

ஆம்ப்ரோஸ் கம்பை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு நடந்தான்.

வியாழன் மதியம் தேவாலய வாசலில் தனியாக நின்றான். சுவரில் சாய்ந்துகொண்டான்.

"ஆளுங்க எங்கடா?" என்றான் குதிரைப்படை அதிகாரி.

"ஓடிட்டாங்க ஐயா. நான் என்ன பண்ணட்டும்?"

கையைச் சேணத்தோடு கட்டி மூன்று மைல் இழுத்துப் போனார்கள். முகாமில் அவன் தொழில் தெரிந்ததும் ஒழுகும் பீப்பாய்களைக் காட்டினார்கள். தூக்கில் போடுவார்களா, விடுவார்களா என்று தெரியாமலே ஒன்பது நாள் அவற்றுக்கு இரும்புப் பட்டை அடித்து இறுக்கினான். படை கிளம்பும் அவசரத்தில் அவனை மறந்துவிட்டார்கள். நடந்தே வீடு வந்தான்.

மூன்றாம் நாளே பாராளுமன்ற ஆட்கள் வந்தார்கள். "மன்னர் படைக்குப் பீப்பாய் செஞ்சவன் யாரு?"

அவர்கள் கண் ஆம்ப்ரோஸின் மேல் நின்றது. கூடியிருந்த ஊராரிலிருந்து ரட் முன்னால் வந்தான். "இவனா? நல்லா கேட்டீங்க! பத்து நாளா காய்ச்சல்ல கிடந்தான். என் ஆலையிலேருந்துதான் கஞ்சி போச்சு."

"போர்வையெல்லாம் இன்னும் நாறுது, வந்து மோந்து பாக்குறீங்களா?" என்றாள் தாமஸின். ஊரே தலையாட்டியது. ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. வந்தவர்கள் இரண்டு பன்றிகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் மறைந்த பிறகுதான் ஆம்ப்ரோஸ் உட்கார்ந்தான்.

மறு வசந்தத்தில் பொறுப்பு ரட்டின் வீட்டுக்குப் போனது. ஆம்ப்ரோஸ் இன்னும் பத்தொன்பது வருடம் பீப்பாய் செய்து வாழ்ந்தான். பட்டறைக் கதவை மட்டும் எந்தக் குளிரிலும் சாத்தவிடமாட்டான். சாலையில் யார் வருகிறார்கள் என்பது அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.