அப்பாவின் கப்பலை முந்திய நாள்

அப்பா சென்னைக்குப் போகும் பயணிகள் கப்பலில் எஞ்சின் அறை வேலை பார்த்தார். போர்ட் பிளேரிலிருந்து கிளம்பினால் மூன்று நாள் பயணம். நானும் அதில் போயிருக்கிறேன். காலையில் கண் விழித்தால் கடல், சாயங்காலமும் அதே கடல். உலகம் அவ்வளவு பெரியது என்று நம்பியிருந்தேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும். அப்பா கப்பலேறிய மறுநாள் காலையில், கைக்குழந்தையான தம்பியின் உதடும் நகமும் நீலம் பாய்ந்துவிட்டன. இதயத்தில் கோளாறு, தாமதிக்காமல் சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்றார் டாக்டர். நாங்கள் குடியிருந்த புரோத்ராபூரில் அக்கம்பக்கத்தார் அலைந்து திரிந்து மதிய விமானத்தில் இடம் பிடித்தார்கள். என்னை விட்டுப்போக அம்மாவுக்கு மனம் வரவில்லை.

விமானம் எழும்பியதும் எங்கள் தீவு கையளவு பச்சையாகச் சுருங்கியது. பிறகு கடல். அதில் அலையே இல்லை. யாரோ இழுத்து விரித்த பட்டுப்போல் கிடந்தது. பக்கத்து இருக்கையில் அபர்தீன் பஜாரில் கடை வைத்திருந்த பாய் ஒருவர்.

"ஜஹாஜ்ல மூணு நாள் பாப்பா, இதுல ரெண்டே மணி நேரம். சாயா குடிச்சு முடிக்கிறதுக்குள்ள மெயின்லேண்ட் வந்துரும், தேக்லேனா, நீயே பாரு" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அவரே கீழே காட்டினார். நீலத்தில் ஓர் அரிசிமணி வெள்ளையாக நின்றது.

"அம்மா, அப்பா கப்பல்! நாம முந்திட்டோம்!"

அம்மா திரும்பவில்லை. தம்பியின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் கண்ணாடியில் மூக்கை அழுத்திக் கையசைத்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாளே அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கடுத்த நாள் தம்பி கண் திறந்து பாலுக்கு அழுதான். கப்பல் வரும் நேரத்துக்கு, சென்னையிலிருந்த மாமா என்னைத் துறைமுகத்துக்கு அழைத்துப் போனார்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அப்பா வந்தார். மாமாவைப் பார்க்கவில்லை; என் முகத்தையே பார்த்தபடி நின்றார். நான் ஓடிப்போய், "அப்பா, மேலருந்து உங்க கப்பலப் பாத்தேன்! நாங்க ரெண்டே மணி நேரத்துல வந்துட்டோம்!" என்று குதித்தேன்.

"தம்பி?" என்றார்.

"அவன் பாலு குடிக்கிறான்."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

குழந்தை ஆபத்தான நிலையில் இருக்கிறது, விமானத்தில் கொண்டுபோகிறார்கள் என்ற ஒரு வரி மட்டும் நடுக்கடலில் கப்பலின் வயர்லெஸ்ஸில் வந்திருக்கிறது. அதன்பின் ஒரு தகவலும் இல்லை. வருடங்கள் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும்.

அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: பாவம், கப்பலில் வந்தால் இப்படித்தான் கால் தள்ளாடும், அப்பாவும் விமானத்தில் வந்திருக்கலாம்.