ஓட்டை விழுந்த கேக்

சமாதானப் பேச்சு முறிந்து, திருகோணமலையில் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி முளைத்திருந்த காலம். துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த வீட்டில் நானும் மச்சாளும் கேக் செய்து விற்றோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் எங்கள் இணையப் பக்கத்தில் ஓடர் கொடுப்பார்கள். இங்கே இருக்கும் அவர்களுடைய அம்மா அப்பாவிடம் நாங்கள் கொண்டுபோய்க் கொடுப்போம்.

ஒரு நாள் கனடாவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கத்தினார். "பாலையூற்றில இருக்கிற என்ர அம்மாவின்ர பிறந்தநாளுக்கு ஓட்டை ஓட்டையா ஒரு கேக் குடுத்திருக்கிறீங்கள். வெட்கமா இல்லையோ? இங்க எங்கட சங்கத்தில எல்லாருக்கும் சொல்லப்போறன்!"

அந்தச் சங்கத்து ஆட்களை நம்பித்தான் எங்கள் பிழைப்பே ஓடியது. ஆனால் அவருடைய ஓடர் எங்களுக்கு வரவே இல்லை. அவரிடம் அம்மாவின் விலாசத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நெட் கஃபேக்கு ஓடினேன். தேடினால், எங்கள் பெயரை அப்படியே எடுத்து, பின்னால் 'லங்கா' என்று ஒட்டிக்கொண்டு கொழும்பில் ஒரு கடை! அவருடைய ஓடர் அங்கேதான் போயிருக்கிறது. மீன் வடிவில் நாங்கள் செய்த கேக்கின் படத்தைக்கூட அந்த மகராசன் விட்டுவைக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெயரை மாற்றச் சொல்லி எழுதினேன். பதிலே இல்லை.

"ஓட்டை எப்பிடி வந்ததெண்டு விளங்குதே?" என்றாள் மச்சாள்.

விளங்காமல் என்ன? சாவடியில் குண்டு ஒளித்திருக்கிறதோ என்று எதையும் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். அதனால் நாங்கள் வெறும் கேக்கைக் கொண்டுபோய்க் குத்தவிட்டு, வீட்டுக்காரரின் அடுப்படிக்கே போய், அந்தக் குசினியில் வைத்துத்தான் ஐசிங் பூசுவோம். கொழும்புக்காரன் ஐசிங் பூசியே அனுப்பியிருப்பான்; அவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

மறுநாளே புதுக் கேக்குடன் பாலையூற்றுக்குப் போனோம். சாவடியில் குத்தினார்கள். நன்றாகக் குத்தட்டும் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொல்லி, அவருடைய குசினி மேசையிலேயே ஓட்டைகளை ஐசிங்கால் அடைத்து, மேலே பூ வைத்தோம். அவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மகனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, அது வேற ஆக்கள். இவையின்ர கேக்கிலயும் ஓட்டை இருக்குதுதான். ஆனா இவை குசினிக்குள்ள வந்து அடைச்சுப்போட்டினம்."

நானும் மச்சாளும் அங்கேயே துள்ளாத குறை.

அடுத்த கிழமை கனடாவிலிருந்து ஓடர் கொடுத்தவர்களில் ஒருவர்கூட எங்கள் கடைப் பெயரைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "நீங்கள் குசினிக்குள்ள வாற ஆக்கள்தானே?"

"ஓம், ஓம்" என்று பதில் தட்டித் தட்டியே எனக்கு விரல் நொந்தது.