செல்லாத்தாள் கற்றுக்கொண்ட செக்கிங்

இரண்டாயிரத்து எட்டு தீபாவளி கழிந்ததும் வெளிநாட்டு ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலிபாளையத்தில் மாரப்பனுடைய பனியன் கம்பெனி சின்னது, மொத்தம் பதினோரு பேர். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியை இவர்கள் தைத்துக் கொடுப்பார்கள். அந்தக் கம்பெனிகளே பாதி மெஷினை நிறுத்தியிருந்தபோது இவர்களுக்கு எங்கிருந்து வேலை வரும்?

ஒரு சனிக்கிழமை மாரப்பன் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். "யாரையும் நிறுத்த மாட்டனுங்க. வாரத்துல மூணு நாளு வேலை, மூணு நாளு சம்பளம். ஆர்டர் வந்தா பழையபடி ஓட்டிக்கலாம்."

டெய்லர் மாரிச்செல்வத்தை உள்ளூர் சரக்கு தைக்கும் கம்பெனி ஒன்று ஏற்கெனவே கூப்பிட்டிருந்தது. அவனைப் போகவிடாமல் தடுத்தது விஜயராணிதான். சாத்தூர்ப் பக்கத்துக்காரி, ஏழு வருஷமாக மாரப்பனிடம் செக்கிங் பார்ப்பவள். அவள் புருஷன் ராமர் காமாலையில் கிடந்தபோது தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் மாரப்பன். "நல்ல நேரத்துல சோறு போட்ட எடம்லப்பா. நாலு மாசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருப்போம்" என்று ஒவ்வொருவரிடமும் அவளே பேசினாள். பதினோரு பேரும் போகாமல் அங்கேயே இருந்தார்கள்.

மார்கழியில் மாரப்பனின் மனைவி செல்லாத்தாள் கம்பெனிக்கு வர ஆரம்பித்தாள். "ஊட்டுல சும்மாதான கண்ணு உக்காந்திருக்கறேன், எனக்கும் சொல்லிக் குடேன்" என்றாள். தோள் தையலை எப்படி இழுத்துப் பார்ப்பது, ஊசி ஓட்டை எங்கே ஒளிந்திருக்கும், எதைத் தள்ளுவது, எதைத் திரும்பத் தைக்கச் சொல்வது என்று விஜயராணி ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தாள். மத்தியானம் இருவரும் சேர்ந்தே சாப்பிட்டார்கள்.

பொங்கலுக்கு முன் அவசரமாக ஒரு சரக்கு வந்தது. இதை முடித்தால் நிமிர்ந்துவிடலாம் என்றார் மாரப்பன். ஞாயிறுகூடப் பாராமல் தைத்து முடித்துவிட்டு ஊருக்குப் போனார்கள்.

திரும்பி வந்தபோது ஷெட் காலியாகக் கிடந்தது. மாரப்பனின் சொந்த ஊரான சேவூருக்குக் கம்பெனி போய்விட்டதாகப் பக்கத்து வாட்ச்மேன் சொன்னார். விஜயராணி அப்படியே பஸ் ஏறினாள்.

அங்கே மாரப்பனின் தோட்டத்துக் கொட்டகையில் அதே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஊர்ப் பெண்கள் தைத்தார்கள். செக்கிங் மேஜையில் செல்லாத்தாள், ஒரு பனியனின் தோளை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், இவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னக்கா இது?"

பதில் மாரப்பனிடமிருந்து வந்தது. "வாடகை கட்டுப்படியாகலீங்க. இங்க பாதிச் சம்பளத்துக்கு ஆளுங்க வர்றாங்க."

"பொங்கலுக்கு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"சொல்லியிருந்தா அந்தக் கடைசிச் சரக்கத் தெச்சுக் குடுத்திருப்பீங்களா?"

குரலில் கோபமே இல்லை. வா, போ என்று ஒருமையில்கூடப் பேசவில்லை. அந்த மரியாதைதான் அவளுக்குத் தாங்கவில்லை. "ஒரு வாய் காப்பியாவது குடிச்சுட்டுப் போ கண்ணு" என்று செல்லாத்தாள் பின்னால் கூப்பிட்டதைக் கேட்காததுபோல் நடந்தாள்.

மற்றவர்களிடம் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. மாரிச்செல்வத்தைக் கூப்பிட்ட கம்பெனியில் அதற்குள் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டான். பனியன் கைகளை மடித்துத் தைக்கும் ரோஸ்மேரி நேராகவே கேட்டாள்: "ஒரு மாசமா ஒங்கிட்டதான அந்தம்மா கத்துக்கிட்டாக. ஒனக்குத் தெரியாமலா?"

எப்படிச் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தது. அவள் சத்தியம் செய்யவில்லை.

மாசி மாதம் மாரிச்செல்வம் குடும்பத்தோடு ஊருக்கே கிளம்பினான். போகும்போது விஜயராணியின் வீட்டு வாசலில் நின்று ராமரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனான். அடுப்படியில் நின்றவள் வெளியே வரும்வரை அவன் காத்திருக்கவில்லை.