அய்யனாரை வரச் சொன்னேன்

இந்த ஊர் முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்கிறார்கள். நம் ஊரிலிருந்து இதைப் படிக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். வந்த புதிதில் நானும் சிரித்தேன். பக்கத்து வீட்டு ரஹீமாவை அவள் தங்கைகள் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் மீசைக்காரக் கிழவர் யாராவது வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பேன். கடல் தாண்டி இந்த மாத்தளைக்கு வந்து ஆறு வருஷமாகிறது. இப்போது என் வாயிலும் தாத்தாதான் வருகிறது. துணிக்கடையில் நிற்கும் என் வீட்டுக்காரர்கூட அப்படித்தான் சொல்கிறார்.

சிரிப்பெல்லாம் மகன் முத்துவுக்குத் தலையில் சிரங்கு வந்ததோடு போயிற்று. மூன்று வயதாகியும் பிறந்த முடி அப்படியே இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் முடி முசிறிப் பக்கத்து அய்யனாருக்குத்தான். அதற்கு முன் கத்தி படக்கூடாது. ஊரில் இருந்திருந்தால் ஒரு வயதிலேயே வண்டி கட்டிப் போய் முடியிறக்கி, பொங்கல் வைத்துத் திரும்பியிருப்போம். இங்கிருந்து எப்படிப் போவது? போனால் மறுபடி இந்த நாட்டுக்குள் வர எனக்கு அனுமதி தரமாட்டார்கள். வீட்டுக்காரர் ஒரு கரை, நான் ஒரு கரை என்றாகிவிடும். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளித் தள்ளி, முடிக்கடியில் சீழ் கட்டிப் பிள்ளை காய்ச்சலில் துவண்டு போனான். முடியை எடுக்காமல் மருந்து போட முடியாது, விஷம் உள்ளே இறங்கினால் பிழைக்க மாட்டான் என்று டாக்டர் சீறினார். மாட்டேன் என்று நான் அழுதேன். முட்டாள்தனம் என்பீர்கள், எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு முறை கரு கலைந்தபின், முடி தருகிறேன் என்று அய்யனாரிடம் வேண்டிப் பெற்றவன் அவன். வாக்கை மீறி, அவர் பிள்ளையை எடுத்துக்கொண்டால்?

"உக்குவளைக்கு மேலால ஒரு அம்மன் கோயில் ஈக்குது. அங்கயாவது வழிச்சிட்டு வருவம், எழும்பு புள்ள" என்று ரஹீமாதான் இழுத்துக்கொண்டு போனாள். எதிர்வீட்டுச் சிங்களப் பெண் குசுமாவும் வந்தாள். பஸ்ஸை விட்டிறங்கி, கொக்கோ மரங்களுக்குள்ளே மலையேறினோம். காலெல்லாம் அட்டை. பிள்ளையை மாறி மாறிச் சுமந்தார்கள். குசுமா ஆறுதல் சொல்வதாக நினைத்து, "சாமி எல்லாம் ஒண்டுதானே அக்கே" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கென்ன, அவள் சாமி அவள் ஊரிலேயே இருக்கிறது! முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளோ எனக்கு மூச்சு வாங்குகிறது என்று எண்ணி, என் கையிலிருந்த பையையும் வாங்கிக்கொண்டாள்.

தகரக் கூரை, ஒரு சூலம், அவ்வளவுதான் கோயில். தோட்டத்து ஆள் ஒருவர் பூசாரி. விஷயத்தைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "மொத முடி ஒங்க கொலசாமிக்குள்ளது. நான் தொட்டா எனக்குத்தாம்மா பாவம்."

அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவருக்கே பொறுக்கவில்லை போலும். "அப்ப ஒங்க சாமிய இங்க கூப்பிடுங்க. அந்தக் காலத்துல ஊர்லருந்து தோட்டத்துக்கு வந்தப்ப எங்க ஆளுங்களும் அப்படித்தான் செஞ்சாங்க. கோயில் மண்ணு கொண்டாந்திருக்கீங்களா?"

இல்லை என்றேன்.

"சரி, வாயாலதான் கூப்பிடணும். ஆனா கூப்பிட்ட சாமிய திருப்பி அனுப்ப ஏலாது. சாமி ஒக்காந்த எடந்தான் ஒங்க ஊரு. யோசிச்சுக்கங்க."

யோசிக்க என்ன இருந்தது? ரஹீமாவின் தோளில் பிள்ளை அனலாகக் கொதித்தான். பூசாரி ஓடையிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து நட்டார். "அய்யனாரே, இங்க வந்துடுங்க" என்றேன். நான் தாண்ட முடியாத கடலை அவரைத் தாண்டச் சொன்னேன். சொல்லும்போதே, இனி ஊர் எனக்கில்லை என்று தெரிந்தது. வெளியிலேயே நிற்பேன் என்றிருந்த ரஹீமா உள்ளே வந்து, அவன் தலையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அல்லாவைக் கூப்பிட்டாள். குசுமா தன் பத்தினி அம்மனைக் கூப்பிட்டாள். பூசாரியின் கத்தி பட்ட இடமெல்லாம் ரத்தம்.

மருந்து போட்டாயிற்று. இன்னும் காய்ச்சல் விடவில்லை. இன்று காலை விளக்கேற்றிவிட்டு, பழக்கத்தில் ஊர் இருக்கும் வடக்குப் பக்கம் கையெடுத்தேன். அங்கேதான் அவர் இல்லையே, நான்தானே வரச் சொல்லிவிட்டேன்! தெற்கே, உக்குவளைப் பக்கம் திரும்பினேன். அங்கே வந்து சேர்ந்தாரா, யார் சொல்வார்கள்? மொட்டைத் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, எந்தப் பக்கம் பார்த்துப் பிள்ளையின் உயிரைக் கேட்பது என்று தெரியாமல் நடுவீட்டில் நின்றேன்.