பக்கத்து வயல்காரனைக் கேட்காமல்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று எங்கள் ஊர் கிரானில் என் வயல் எதுவென்று கேட்டால் சிறுபிள்ளையும் காட்டும். காணி வாங்குவதில் நான் ஒருநாளும் ஏமாந்ததில்லை.

மகளுக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை. இங்கே இடம் கிடைக்கவில்லை. முகவர் ஒருவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் படங்களைக் காட்டினார். கட்டடத்தைப் பார்த்ததுமே சரி என்றேன். கோயிலிலும் சந்தையிலும் சொல்லியும் விட்டேன். மறுநாள் அவளுடைய கடவுச்சீட்டைக் கொடுக்க வேண்டும்.

அப்போதுதான் மகள் கேட்டாள்: "அப்பா, வயல் வாங்கக்குள்ள மாரியில தண்ணி நிக்குமா எண்டு பக்கத்து வயல்காரனக் கேட்டுத்தானே வாங்குவீங்க? இதுக்கு ஆரக் கேட்டீங்க?"

"படத்தப் பாத்தனே, புள்ள."

"கோடையில எல்லா வயலும் வடிவுதான், அப்பா."

அங்கே மூன்றாம் வருடம் படிக்கும் பக்கத்து ஊர் சித்தாண்டிப் பிள்ளை ஒருத்தியை அவளே தேடிப்பிடித்துத் தொலைபேசியில் பேசினாள்.

"படிப்பு நல்லம், தங்கச்சி. ஆனா இந்தப் பட்டத்த நம்மட நாட்டில ஏத்துக்கொள்ள மாட்டாங்களாம். நானும் வந்தபிறகுதான் அறிஞ்சன்," என்றாள் அந்தப் பிள்ளை.

மறுநாள் நான் முகவரிடம் போகவில்லை. ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னதை நானே போய் மாற்றிச் சொன்னேன்.

இப்போது வேறு இரண்டு நாடுகளில் படிக்கும் பிள்ளைகளிடம் மகள் விசாரிக்கிறாள். போவதா, விடுவதா என்பது அவளுடைய முடிவு. நான் பக்கத்தில் இருந்து கேட்கிறேன், வாய் திறப்பதில்லை. இத்தனை வயல் வாங்கியவனுக்கு அதுதான் பெரிய கஷ்டம்.