மாட்டுத் தாவணியில் ஒன்பது கார்கள்

எங்கள் அப்பாவின் காரை அண்ணன் என் கண்ணெதிரே கைமாற்றிவிட்டார். பேரம் நடந்த இருபது நிமிடமும் அவருக்கும் தரகருக்கும் வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அன்றைய டைரியில் இப்படி எழுதியிருக்கிறேன்: "காலை 11.10. அண்ணன் மாடு பேசுகிறார். வெயில் கடுமை. குடை பிடித்தேன்." இதில் அண்ணன் மாடு பேசினார் என்பது தவறு. மற்றவை சரி. ஏழு வருடமாக அந்தப் பக்கத்தைத் திருத்தாமல் வைத்திருக்கிறேன்.

கார் இங்கிலாந்தில் செய்தது. கறுப்பு நிறம், துணிக்கூரை, பித்தளை விளக்குகள், முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் எழும். ஊரைவிட்டுப் போன ஒரு துரையிடமிருந்து அப்பா அதை வாங்கினார். அப்பாவுக்குப் புளி வியாபாரம். அறுபதுகளின் தொடக்கம்வரை அவரே ஓட்டினார். தீர்த்தமலைக்கு எங்களை அதில்தான் கூட்டிப்போவார். அரூர் தாண்டியதும் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றுவார். சேலத்திலிருந்து தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்த மறு வருடம் அவர் இறந்தார். பாகம் பிரித்தபோது நிலத்தில் பெரும்பகுதி அண்ணனுக்கு, தர்மபுரி டவுன் வீடு எனக்கு. காரை யாரும் கேட்கவில்லை. "பொதுவில் இருக்கட்டும்" என்றார்கள். அது நல்லம்பள்ளிப் பக்கத்தில் அண்ணனுடைய மாட்டுக் கொட்டகையில் கோழி எச்சத்துக்கடியில் நின்றது.

நான் அப்போது தாலுக்கா ஆபீசில் கிளார்க். டவுனில் ஒரு டாக்டர் இருந்தார். பழைய கார் ஒன்று அவரிடமும் உண்டு. மதராசில் பழைய கார்களை வரிசையாக நிறுத்திக் காட்டியதைப் பார்த்துவிட்டு வந்து, இங்கேயும் வருடத்துக்கு ஒருமுறை அப்படிச் செய்ய ஆரம்பித்தார். நகரில் அதற்கென்று இடம் கிடையாது. முதல் வருடம் ஒரு ரைஸ் மில்லின் நெல் காயவைக்கும் களத்தில் நடந்தது. களத்தில் செருப்போடு நடக்கக் கூடாது என்பதால் கார் வைத்திருந்த பெரிய மனிதர்களெல்லாம் சுடுசிமெண்டில் வெறுங்காலோடு துள்ளினார்கள். அன்று நெல் காயவில்லை, ஆகவே களத்துப் பெண்களுக்கு வேலையும் இல்லை. சுவரோரம் உட்கார்ந்து அவர்கள் எங்களைப் பார்த்த பார்வையையும் குறித்திருக்கிறேன். இரண்டாம் வருடம் வற்றிப்போன ஒரு ஏரிக்குள் நடந்தது. வெடித்த மண்ணில் ஆறு கார்கள் நின்றன. பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் காரை விட்டுவிட்டு ஏரியைப் பார்த்து நின்றார்கள்.

இரண்டுக்கும் நான் நோட்டோடு வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ஏரியிலிருந்து திரும்பும்போதுதான் அப்பாவின் காரை எழுப்பிவிட வேண்டும் என்று தோன்றியது. பதினான்கு மாதம் ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். சக்கரங்களைக் கழற்றி, பேரிங்குகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஒவ்வொரு குண்டாகத் துடைத்து, கிரீஸ் வைத்து மூட்டினேன். எந்தப் பக்கத்து வளையம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று படம் வரைந்து வைத்துக்கொண்டேன். விளக்குகளைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். துணிக்கூரையை டவுன் தையல்காரரிடம் புதிதாகத் தைத்து வாங்கினேன். எனக்கு அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு சந்தோஷமான ஞாயிறுகள் இருந்ததில்லை.

கொட்டகை சிறியது. உதிரிகளைப் பரப்பியபோது அண்ணனின் இரண்டு எருதுகளையும் வெளியே வேப்பமரத்தில் கட்டினார்கள். பதினான்கு மாதமும் அவை வெளியிலேயே நின்றன. இதை அப்போது நான் குறிக்கவில்லை.

மூன்றாம் வருடம் மழை சுத்தமாகப் பொய்த்திருந்தது, காட்சியும் இரண்டு மாதம் தள்ளிப்போனது. மாடுகளை அடிமாட்டுக்கு விற்றுத் தீர்த்ததில் நல்லம்பள்ளிச் சந்தைத் திடலில் தாவணி பாதி காலியாகக் கிடந்தது. தாவணி என்பது மாடுகளை வரிசையாகக் கட்டும் நீளக் கயிறு. கட்டும் இடத்துக்கும் அதே பெயர்தான். டாக்டர் போய்ச் சந்தைக் குத்தகைக்காரரைக் கேட்டார். அவர் இடம் தந்தார், ஒரு நிபந்தனையோடு: உள்ளே நுழையும் ஒவ்வொரு காருக்கும் மாட்டுக்கு வாங்குவதுபோலவே சுங்கச் சீட்டு வாங்க வேண்டும். என் சீட்டில் "உருப்படி 1, கறுப்பு" என்று எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒன்பது கார்கள் வரிசையில் நின்றன. இந்தப் பக்கம் கார், அந்தப் பக்கம் விலா எலும்பு தெரியும் எருதுகள். சந்தைக்கு வந்தவர்கள் காரையும் மாட்டைப் போலவே சுற்றிவந்தார்கள். ஒருவர் என் காரின் முன் தகட்டைத் தூக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார்.

"எத்தன பல்லுங்க இது?"

"பல்லெல்லாம் உழுந்த கெழடுங்க. என்னையவிட மூப்பு," என்றேன்.

"தீனி என்னங்க?"

"பெட்ரோல்."

"அது சரி. பருத்திக்கொட்டைக்கே வழியக் காணோம். நம்மூட்டுக்கு ஆவாதுங்க," என்று துண்டை உதறிக்கொண்டு போனார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அண்ணன் பத்தரைக்கு வந்தார். மாடு ஒன்று மாற்ற வேண்டும் என்று முந்தின வாரமே சொல்லியிருந்தார். கூடவே ஒரு தரகரும் தர்மபுரி வண்டிப்பட்டறை பாயும் வந்தார்கள். பாய் டயர் வண்டி செய்வதில் கெட்டிக்காரர். பழைய கார்களின் முன் அச்சை வாங்கி, திரும்பும் மூட்டுகளை வெல்டிங் வைத்து இறுக்கி, அதன்மேல் மாட்டு வண்டி கட்டுவார். கட்டை வண்டியில் ஏற்றுவதைப்போல இரண்டு மடங்கு பாரம் அதில் ஏற்றலாம். பாய் என்னைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, காரின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து முன் சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்த்தார். பட்டறைக்காரர், ஆசையாகப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பேரிங்கை நான் எப்படி மூட்டினேன் என்று அவருக்கு விவரமாகவே சொன்னேன்.

பிறகு என் காரை ஒட்டி, இரண்டடி தள்ளி, தரகர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அண்ணனின் கையையும் தன் கையையும் துண்டால் மூடினார். மாட்டுப் பேச்சு வாயால் பேசுவதில்லை; துண்டுக்கடியில் விரல்களைப் பிடித்துப் பேசுவது. இந்தத் தொகை, இத்தனை மூட்டை, இது கூட, இது குறைய எல்லாம் விரலில்தான். பக்கத்தில் நிற்பவனுக்கு முகம் மட்டுமே தெரியும். தரகர் அண்ணனிடம் பிடிப்பார், பாயிடம் போய்ப் பிடிப்பார், திரும்ப வருவார். அண்ணனுக்கு நெற்றியில் வியர்த்து ஓடியது. எனக்குப் பாவமாக இருந்தது. டாக்டரிடமிருந்து குடையை வாங்கி அண்ணனுக்கும் தரகருக்கும் பிடித்தேன். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. பேச்சு மும்முரம் என்று எண்ணினேன்.

மதியம் டாக்டர் பரிசு கொடுத்தார். நன்றாகப் பராமரித்த கார் என்று என் காருக்குத்தான் வெள்ளி மினுக்குப் பூசிய கப். கை தட்டினார்கள். நான் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றபோது, அண்ணன் காரின் படிப்பலகையிலிருந்து கைப்பிடியை எடுத்தார். துண்டை விரித்து அதன்மேல் வைத்து, கிழக்கே பார்த்து நின்று, இரண்டு கையாலும் பாயிடம் கொடுத்தார். மாட்டை விற்றவர் கயிற்றை அப்படித்தான் கொடுப்பார்.

"என்னண்ணா இது?" என்றேன்.

தரகர்தான் பேசினார். "வண்டிக்கு வண்டிங்க. பாய் புதுசா ஒரு டயர் வண்டி கட்டிக் குடுக்கறாரு, மேல எட்டு மூட்ட புண்ணாக்கு. பேச்சு முடிஞ்சு போச்சுங்களே."

"இதுல எனக்கும் பாதி இருக்குது. என்னைக் கேக்கலையே?"

"என்ன சார் இப்புடிச் சொல்றீங்க? கைப்பேச்சு நடக்கறப்ப சம்மதமில்லாத பங்காளி பத்தடி தள்ளி நிப்பாரு. இல்லாட்டி வாயத் தொறந்து சொல்லுவாரு. நீங்க பக்கத்துலயே நின்னு கொடை வேற புடிச்சீங்க. நாப்பது பேரு பாத்தாங்க."

"சீட்டு வாங்கித் தாவணியில நிறுத்துனா பேச்சுக்கு வந்த உருப்படிதானுங்க," என்றார் பின்னாலிருந்து யாரோ.

சந்தையின் சட்டம் அதுதான் என்று பிறகு பலரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தாலுக்கா ஆபீசின் அத்தனை ரிஜிஸ்டரும் எனக்கு மனப்பாடம். பிறந்து வளர்ந்த ஊரின் சந்தையில் எங்கே நிற்க வேண்டும் என்பது தெரியவில்லை.

ஆனால் கார் அந்த இடத்தில் போய்விடவில்லை. பாய் நல்ல மனிதர். கைப்பிடியைத் துண்டோடு என் பக்கம் நீட்டினார். "தம்பிக்குத் தெரிஞ்சுதான் நடக்குதுன்னு நெனச்சேனுங்க. மனசில்லாத பொருளு எனக்கு வேண்டாம். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, இப்பவே உட்டுர்றேன்."

அண்ணன் அப்போதுதான் என்னைப் பார்த்தார். கைப்பேச்சு முடித்து உடைத்தவரின் கையை அந்தச் சந்தையில் எந்தத் தரகரும் மறுபடி துண்டுக்குள் பிடிக்க மாட்டார். அதுவும் அவர் முகத்தில் தெரிந்தது. எனக்குப் பின்னால் டாக்டரும், அவர் அழைத்து வந்திருந்த எங்கள் ஆபீஸ் பெரியவர்களும் நின்றார்கள். சந்தையில் அண்ணன் தம்பி சண்டை என்று மறுநாள் ஆபீசில் பேசுவார்கள் என்று நினைத்தேன். உண்மையில் என் வாயை அடைத்தது அண்ணனின் முகமா, ஆபீஸ் பெரியவர்களா என்று பல தடவை கணக்குப் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள்தான்.

பாய் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கைப்பிடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்களே தம்பி," என்றார்.

நான்தான் ஓட்டினேன். ஆறு மைல். பாய் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வழியில் ஒரே ஒருமுறை பேசினார்: "பேரிங்கு சத்தமே இல்லீங்க." பட்டறைக்குள் வெட்டிப்போட்ட இரும்புகளுக்கு நடுவே நிறுத்தி, இஞ்சினை அணைத்து, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். கப் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டது. அதிலும் பாதி அவருடையது அல்லவா. அதில் பருத்திக்கொட்டை அளப்பதைப் பின்னால் பார்த்தேன்.

முன் அச்சும் இரண்டு சக்கரமும் அண்ணனின் டயர் வண்டிக்கு வந்தன. துணிக்கூரை மூட்டைகளை மூடும் படுதாவாயிற்று. இஞ்சின் மூடும் தகடு பட்டறைத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி. மிச்சம் எடைக்குப் போனது. பித்தளை விளக்குகளைப் பாய் ஒரு சாக்கில் கட்டி என் வீட்டுக்கு அனுப்பினார். நான் சாக்கைப் பிரிக்கவில்லை.

அந்தப் பஞ்சத்தில் அண்ணன் வீடு பிழைத்தது அந்த வண்டியின் வாடகையில்தான். எல்லோரும் அதைச் சொல்வார்கள். சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் தலையாட்டுவேன் என்று. நான் ஆட்டியதில்லை.

ஒரு வருடம் பேச்சு இல்லை. பிறகு அண்ணனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "சக்கரம் கத்துகிறது. பாயும் பிரித்துப் பார்த்துவிட்டார், சரியாகவில்லை. நீ வந்து பார்." கிழித்துப் போட்டிருக்கலாம். ஞாயிறு முதல் பஸ்ஸில் கிரீஸ் டப்பாவோடு போனேன். வளையத்தைப் பக்கம் மாற்றிப் போட்டிருந்தார்கள். அது அப்படிக் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

வேப்பமரத்தடியில் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"பின்ன?" அண்ணன் எருதின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "பதினாலு மாசம் இதுங்க வெய்யில்ல நின்னுச்சு. கொட்டாயி என்னுது. நீ ஒரு வார்த்த கேட்டியாடா?"

நான் பேரிங் குண்டுகளை எண்ணினேன். சரியாக இருந்தன.

அன்றிலிருந்து வருடம் ஒருமுறை கார்டு வருகிறது, நான் போகிறேன். அண்ணி காபி தருகிறாள். அண்ணன் மழையைப் பற்றிப் பேசுகிறார், நான் பதில் சொல்கிறேன். கார் என்ற சொல்லை இருவரும் எடுப்பதில்லை. டாக்டரின் காட்சிக்கு அழைப்பும் வருடா வருடம் வருகிறது. ஒருமுறை செங்கல் சூளையில், ஒருமுறை சினிமாக் கொட்டகை வாசலில். நான் போனதில்லை.

போன மாதமும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். டைரியில் "கிரீஸ் மாற்றினேன். இரு சக்கரமும் சரி" என்று எழுதிக்கொண்டிருந்தபோது, அண்ணன் புளி மூட்டைகளை ஏற்றி வண்டியைக் கிளப்பினார். சத்தமே இல்லை. போய்விட்டாரா என்று தெரிந்துகொள்ள நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.